500002 (எண்)

500002 என்பது 500001-ஐ அடுத்து வரும் இரட்டை எண். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில், சாங்கி வில்லேஜ் சாலை 2ஆம் புளோக்கின் அஞ்சல் குறியீடும் இதுவே. நாசி லெமாக்குக்குப் பெயர்போன சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையம் இந்தப் புளோக்கிலும் பக்கத்து 3ஆம் புளோக்கிலும் இயங்குகிறது.

சிங்கப்பூர் 1995-இல் நான்கு இலக்கக் குறியீட்டை விட்டு ஆறு இலக்கத்துக்கு மாறியது. முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைக் காட்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண். லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலை 665ஆம் புளோக்கில் உள்ள தேக்கா நிலையத்துக்கு 210665 வந்ததும் இந்தக் கணக்கில்தான். இவற்றை வழங்கிய அஞ்சல்துறை பகா எண்களை நினைத்துப் பார்த்திருக்காது.

500002-இன் பகாக் காரணிகள் 2 × 53 × 53 × 89. வகுஎண்கள் 12. தன்னை நீக்கி மற்றவற்றைக் கூட்டினால் 273008தான் வரும். ஆகவே இது குறைவெண். இதுவரை சொன்னதில் விசேஷம் எதுவும் இல்லை. இந்த எண்ணின் அழகு வர்க்கங்களில் இருக்கிறது.

500-க்கு முன்னும் பின்னும் உள்ள 499, 501 ஆகியவற்றின் வர்க்கங்கள் 249001, 251001. கூட்டினால் 500002. எந்த எண்ணுக்கும் இரு பக்கத்து எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால், அதன் வர்க்கத்தின் இருமடங்கோடு 2 சேர்ந்து வரும் என்பது பள்ளி இயற்கணிதம். ஆனால் 500002-க்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு: 229² + 669², 159² + 689². மொத்தம் மூன்று, நான்காவது கிடையாது.

காரணம் காரணிகளில் இருக்கிறது. 2 = 1² + 1², 53 = 2² + 7², 89 = 5² + 8². இரு வர்க்கங்களின் கூட்டலாக அமையும் எண்களைப் பெருக்கினால் விடையும் அப்படியே அமையும் என்பதற்கான வாய்பாட்டை பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலேயே தந்துவிட்டார். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரு வர்க்கங்களாகப் பிரிக்கலாம் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னார், நிறுவியவர் ஆய்லர்.

இரு வர்க்கங்களின் கூட்டலாக அமையும் எண்கள் எவ்வளவு அடிக்கடி வரும்? சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913-இல் கணிதவியலர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதற்கும் ஒரு சூத்திரம் இருந்தது. லண்டாவ் என்ற கணிதவியலர் 1908-இலேயே இதை நிறுவியிருந்தார் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. அந்தச் சூத்திரப்படி ஐந்து லட்சம் வரையுள்ள எண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் தேறும்.

பக்கத்துப் புளோக்கின் 500003 தேறாது. ஒரு வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1; இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 3 வரவே வராது, 500003-க்கோ மீதி 3. தேக்காவின் 210665-க்கு மீதி 1 என்பதால் முதல் சோதனையைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அது 5 × 7 × 13 × 463. மீதி 3 தரும் 7 அதில் ஒற்றையாக நிற்பதால் அதையும் இரு வர்க்கங்களாகப் பிரிக்க முடியாது.