சந்திக்கும் இடம்

திருமணம் என்றதும் இருவருடைய விருப்பத்தையே நாம் முதலில் நினைக்கிறோம். அவ்விருப்பம் அரும்புவதற்கு முன் அவர்கள் சந்தித்திருக்க வேண்டும் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆந்த்ரேயா பெரெஸ் மெக்சிகோ வழிவந்த குடும்பத்துப் பெண். சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பின இளைஞர். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கத்தோலிக்கரான இவ்விருவரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையில் அறிமுகமாயினர். அத்தகைய ஆலைகளின் கதவைக் கறுப்பினத்தாருக்குத் திறந்துவிட்டவை போர்க்கால ஆள் பற்றாக்குறையும், 1941இல் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையுமே.

மெக்சிகோ வழியினரை வெள்ளையராகக் கணக்கிட்ட கலிபோர்னிய அரசு, இவர்களுக்குத் திருமண உரிமம் தர மறுத்தது. இவர்களுக்காக வாதாடிய டேனியல் மார்ஷலும் கத்தோலிக்கரே. திருச்சபை மறுக்காத அருட்சாதனத்தை அரசு தடுப்பது சமய உரிமையைப் பறிப்பதாகும் என்றார் அவர். 1948 அக்டோபர் முதல் நாளன்று, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் லவிங் தம்பதியர் வழக்கில் தடையை ஆதரித்த வர்ஜீனிய நீதிபதியும் கடவுளையே துணைக்கு அழைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அவ்வழக்கில் 1967இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தடையை நாடெங்கும் நீக்கியது.

அவ்வாண்டில் புதிதாக மணந்தோருள் 3 விழுக்காட்டினரே வேற்றினத்தாரை மணந்தனர். 2015இல் அது 17 விழுக்காடாயிற்று. குடியேற்றமும் கல்வியும் இதற்குப் பெரிதும் உதவின. இணையத்தின் பங்கையும் ஒதுக்க இயலாது. உறவினரும் நண்பரும் அண்டை வீட்டாரும் அறிமுகம் செய்துவைத்த காலத்தில், நிறவாரியாகப் பிரிந்த தெருக்களில் வாழ்ந்தோர் தம்மவரையே சந்தித்தனர். 1995இல் 'மேட்ச்' இணையத்தளம் தோன்றியது. 2017இல் இணைந்த ஆண்-பெண் இணையருள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இணையவழி சந்தித்தவர்கள் என்கிறது ஸ்டான்ஃபோர்டு ஆய்வு. முன்பின் அறியாதவர் அறியாதவரைக் காண ஒரு வாசல் கிடைத்தது.

வாசலில் காவலும் இருந்தது. கறுப்பினப் பெண்கள் அனுப்பிய மடல்களுக்கே மிகக் குறைந்த மறுமொழி வந்ததாக 'ஓகே கியூபிட்' தளம் 2009இல் தன் கணக்கை வெளியிட்டது. உரிமம் மறுக்க அங்கே அதிகாரி எவருமில்லை, விரல்களே மறுத்தன. (நம் திருமணத் தளங்களில் சாதியைக் கேட்கும் கட்டத்தை நாமும் தயங்காமல் நிரப்புகிறோமே!)

அலபாமா மாநிலம் செல்லாத அத்தடையைத் தன் அரசியலமைப்பிலிருந்து நீக்க 2000ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடத்தியது. நீக்கம் வென்றது. வாக்களித்தவருள் பத்துக்கு நால்வர், அது அங்கேயே இருக்கட்டும் என்றனர்.