என்கிளெக்ஸ்: செவிலியர் உரிமத் தேர்வும் பயிற்சி வினாக்களும்

என்கிளெக்ஸ் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவிலியராகப் பணியாற்ற உரிமம் பெறுவதற்கான தேர்வு. 'தேசியக் குழும உரிமத் தேர்வு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர். மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழுமம் இதனை நடத்துகிறது. பதிவுபெற்ற செவிலியருக்கு ஒன்றும் நடைமுறைச் செவிலியருக்கு ஒன்றுமாக இரு வடிவங்கள் உள்ளன. 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் பதிவுபெற்ற செவிலியருக்கு இத்தேர்வையே ஏற்றுள்ளன. வினாக்களின் அமைப்பு மாறிய ஒவ்வொரு முறையும் செவிலியர் படிக்கும் முறையும் மாறியது. தேர்வின் வரலாறும் பயிற்சி வினாக்களின் வரலாறும் பிரிக்க முடியாதவை.

தொடக்க விவாதம்

செவிலியரைத் தேர்வின் மூலம் அளக்க முடியுமா என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எழுந்தது. லண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையின் தலைமைச் செவிலியராக இருந்த எத்தெல் ஃபென்விக், 1887இல் பிரித்தானியச் செவிலியர் சங்கத்தைத் தொடங்க முன்நின்றார். மருத்துவர்களுக்கு 1858 முதல் சட்டப்படியான பதிவேடு இருந்தது. செவிலியருக்கும் அத்தகைய பதிவேடு வேண்டும், அதில் இடம்பெறப் பொதுத் தேர்வு வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. பயிற்சியே இல்லாதவர்களும் 'நர்ஸ்' என்று சொல்லிக்கொண்டு வீடுகளில் ஊதியம் பெற்றுவந்த காலம் அது.

நவீன செவிலியர் பணியின் முன்னோடியான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இதை எதிர்த்தார். நோயாளியிடம் காட்டும் அக்கறையும் பொறுப்பும் ஒழுக்கமும் தாளில் எழுதும் விடைகளால் தெரியவராது என்பது அவர் தரப்பு. பதிவேட்டில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், அதன் பின் அந்தச் செவிலியர் எப்படிப் பணியாற்றுகிறார் என்பதைப் பதிவேடு சொல்லாது என்றும் அவர் கருதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இந்த விவாதம் 1919இல் இங்கிலாந்தில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியதும் ஓய்ந்தது. பதிவேட்டின் முதற்பெயர் ஃபென்விக்குடையது.

அதற்குள் நியூசிலாந்து முந்திக்கொண்டது. அங்கு 1901இல் செவிலியர் பதிவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1902 ஜனவரியில் எலன் டோஹர்ட்டி அச்சட்டத்தின்கீழ் முதலில் பதிவுபெற்றார். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 1903 மார்ச்சில் முதற்சட்டத்தை நிறைவேற்றியது. நியூஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா ஆகியவை அதே ஆண்டில் தொடர்ந்தன. 1923க்குள் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன.

மாநிலத் தேர்வுகள்

தொடக்ககாலச் சட்டங்கள் 'பதிவுபெற்ற செவிலியர்' என்ற பட்டத்தை மட்டுமே பாதுகாத்தன. தேர்வு எழுதாதவரும் அப்பட்டத்தைப் போட்டுக்கொள்ளாமல் செவிலியர் வேலை பார்க்கத் தடையில்லை. உரிமம் இல்லாமல் பணியாற்றவே கூடாது என்ற விதியை முதலில் கொண்டுவந்தது நியூயார்க் மாநிலம். 1938இல் இயற்றப்பட்ட அச்சட்டம் போரின் காரணமாகப் பின்னரே முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வொரு மாநில வாரியமும் தனித்தனியே தேர்வு நடத்தியது. உடற்கூறு, மருந்துகள், உணவுமுறை, மகப்பேறு, தொற்றுநோய் எனப் பாடவாரியாகக் கட்டுரை வினாக்கள் கேட்கப்பட்டன. சில இடங்களில் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருந்தன. பழைய வினாத்தாள்களை விடைகளோடு தொகுத்த நூல்கள் அப்போதே விற்பனைக்கு வந்தன. ஜான் ஃபுட் என்ற மருத்துவர் தொகுத்த நூல் அவற்றுள் ஒன்று. அறிகுறிகளையும் அளவுகளையும் அப்படியே மனப்பாடம் செய்து எழுதுவதே அன்றைய தயாரிப்பு முறை.

இதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒரே விடைக்குத் திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறியது. ஒரு மாநிலத்தில் தேர்ச்சி பெற்றவரின் தரத்தை இன்னொரு மாநிலம் நம்ப வழியில்லை.

பொது வினாத்தொகுப்பு

இரண்டாம் உலகப் போர் இந்த முறையை மாற்றியது. போர்முனைக்கும் உள்நாட்டு மருத்துவமனைகளுக்கும் செவிலியர் உடனடியாகத் தேவைப்பட்டனர். கட்டுரைத் தாள்களைத் திருத்தி முடிக்கும்வரை காத்திருக்க முடியவில்லை. மாநில வாரியங்கள் வினாக்களை ஒன்றுசேர்த்து, இயந்திரத்தால் திருத்தக்கூடிய பல்தெரிவு வினாக்களாக அமைத்துப் பகிர்ந்துகொண்டன. 1944இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 'மாநில வாரியப் பொது வினாத்தொகுப்புத் தேர்வு' எனப்பட்டது. 1950 அளவில் எல்லா மாநிலங்களும் இதில் சேர்ந்திருந்தன.

பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்து பிரிவுகளில் இரண்டு நாட்கள் தேர்வு நடந்தது. ஒரு பிரிவில் தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதலாம். ஆகவே படிப்பும் ஐந்து பகுதிகளாகப் பிரிந்தே நடந்தது.

1982இன் மாற்றம்

நோயாளி இப்படிப் பாடவாரியாகப் பிரிந்து வருவதில்லை. கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு நீரிழிவும் இருக்கலாம். அறுவைக்கு வந்தவருக்கு மனச்சோர்வும் இருக்கலாம். 1978இல் மாநில வாரியங்கள் தமக்கெனத் தனித் தேசியக் குழுமத்தை நிறுவின. அக்குழுமம் 1982இல் ஐந்து பிரிவுகளையும் ஒன்றாக்கி, என்கிளெக்ஸ் என்ற பெயரில் புதிய தேர்வை நடத்தியது. நோயாளியின் நிலையைக் கண்டறிதல், ஆராய்தல், திட்டமிடல், செயற்படுத்தல், பயனை மதிப்பிடல் என்ற செவிலியப் பணிப் படிநிலைகள் அதற்கு அடிப்படையாயின.

இம்மாற்றத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். டிகாக்சின் என்ற இதய மருந்து அளவு மீறினால் தோன்றும் அறிகுறிகள் யாவை என்பது பழைய முறை வினா. பட்டியல் தெரிந்தவர் விடை எழுதிவிடுவார். புதிய முறையில் அதே செய்தி ஒரு நோயாளியாக வரும்:

இதயச் செயலிழப்புக்காக டிகாக்சினும் ஃப்யூரோசமைடும் எடுத்துவரும் முதியவர், காலையில் பசியில்லை, குமட்டுகிறது என்கிறார். விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிவதாகவும் சொல்கிறார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 52. செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? குமட்டலுக்கு மருந்து தருவதா, எளிய உணவு தருவதா, காலை டிகாக்சினைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து நாடி பார்ப்பதா, டிகாக்சினை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பதா?

கடைசியே சரியான விடை. ஃப்யூரோசமைடு உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடும். எனவே அடுத்துப் பார்க்க வேண்டியது இரத்தத்தின் பொட்டாசிய அளவு. இத்தகைய வினாவில் தவறான விடைகளும் வார்டில் அன்றாடம் செய்யப்படும் வேலைகளாகவே இருக்கும். அவற்றுள் எது முதலில் என்பதே கேள்வி. பயிற்சி நூல்கள் விடைக்குறிப்போடு, ஒவ்வொரு தெரிவும் ஏன் சரி அல்லது ஏன் தவறு என்ற விளக்கத்தையும் தருவதன் காரணம் இதுவே. லிண்டா ஆன் சில்வெஸ்ட்ரி எழுதிய சாண்டர்ஸ் பயிற்சி நூல் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது.

கணினியில் தேர்வு

1994 ஏப்ரலில் தேர்வு முழுமையாகக் கணினிக்கு மாறியது. அதுவரை ஆண்டுக்கு இருமுறை பெரிய கூடங்களில் ஆயிரக்கணக்கானோர் எழுதி, முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தனர். புதிய முறையில் எந்த நாளிலும் தனித்தனியே எழுத முடிந்தது.

கணினி எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைத் தருவதில்லை. சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும்; தவறினால் எளிதாகும். டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் வகுத்த அளவீட்டு முறை இதற்கு அடிப்படை. எழுதுபவரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் தேர்வு நின்றுவிடும். பதிவுபெற்ற செவிலியருக்கான தேர்வில் தொடக்கத்தில் குறைந்தது 75 வினாக்களும் அதிகபட்சம் 265 வினாக்களும் இருந்தன. 75ஆவது வினாவில் திரை அணைந்தவர் மிக நன்றாகவும் எழுதியிருக்கலாம், மிக மோசமாகவும் எழுதியிருக்கலாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் திறனை ஒட்டிய வினாக்களே வருவதால், நன்றாகப் படித்தவரும் பாதி வினாக்கள் தவறிவிட்டன என்ற எண்ணத்தோடுதான் வெளியே வருவார். தவறியவர் பொதுவாக 45 நாட்கள் கழித்தே மீண்டும் எழுத முடியும்.

வெளிநாட்டுச் செவிலியரும் சென்னையும்

1970களில் அமெரிக்காவுக்குச் சென்ற வெளிநாட்டுச் செவிலியர் பலர் உரிமத் தேர்வில் தவறி, உதவியாளர் வேலைகளில் தேங்கினர். புறப்படுமுன்பே அவர்களைச் சோதித்து அனுப்ப, வெளிநாட்டுச் செவிலியப் பட்டதாரிகளுக்கான ஆணையம் 1977இல் நிறுவப்பட்டது. ஆனால் உரிமத் தேர்வை எழுத அமெரிக்க மண்ணுக்கோ குவாம், சைப்பான் போன்ற அதன் ஆட்சிப்பகுதிகளுக்கோ போக வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் லண்டன், ஹாங்காங், சியோல் நகரங்களில் முதல் வெளிநாட்டு மையங்கள் திறக்கப்பட்டன. அடுத்து இந்தியாவில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், தில்லி, மும்பை ஆகிய நகரங்களிலும் தேர்வு எழுதும் வசதி வந்தது.

சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் 1926இலேயே வந்தது. ஆயினும் இந்தியாவில் நெடுங்காலமாகப் படிப்பை முடித்தவர் மாநிலக் குழுமத்தில் பதிவு செய்துகொண்டே பணியைத் தொடங்கினர். தனி உரிமத் தேர்வு கிடையாது. ஆகவே பல ஆண்டுகள் வார்டில் பணியாற்றிய செவிலியருக்கும் என்கிளெக்ஸ் புதிய அனுபவமாகவே இருக்கிறது.

தடை பெரும்பாலும் அறிவுக்குறைவால் வருவதில்லை. பெயர்களிலேயே வேறுபாடு தொடங்குகிறது. இங்கே பாராசிட்டமால், அட்ரினலின், சால்பியூட்டமால் எனப்படுபவை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், எபிநெஃப்ரின், ஆல்பியூட்டரால். வேலைப் பங்கீடும் வேறு. தமிழ்நாட்டு வார்டுகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துச் செல்வது போன்றவற்றை உடனிருக்கும் உறவினரே பெரும்பாலும் செய்கின்றனர். அமெரிக்காவில் இவை செவிலிய உதவியாளரின் வேலைகள். எந்த வேலையை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம், எதைச் செவிலியரே செய்ய வேண்டும் என்பது அங்கு அடிக்கடி கேட்கப்படும் வினா. மருத்துவர் எழுதிய மருந்தளவு சந்தேகத்துக்குரியது என்றால் கொடுக்காமல் நிறுத்திக் கேட்பதையே தேர்வு சரியான விடையாகக் கொள்கிறது. மருத்துவரின் உத்தரவைக் கேள்வியின்றி நிறைவேற்றிப் பழகியவருக்கு இது சட்டென்று வருவதில்லை. நோயாளி வடிவிலான பயிற்சி வினாக்கள் இத்தகையோருக்குப் பாடத்தோடு இன்னொரு மருத்துவமனையின் நடைமுறையையும் அறிமுகம் செய்கின்றன.

வினாக்களை நம்பிப் படிப்பதன் ஆபத்தும் இக்காலத்தில் வெளிப்பட்டது. 2006 ஜூனில் பிலிப்பீன்சின் உள்நாட்டு உரிமத் தேர்வில் இரு தாள்களின் வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. அத்தேர்வில் வென்றவர்கள் குறிப்பிட்ட தாள்களை மீண்டும் எழுதினாலன்றி அமெரிக்க விசாவுக்கான சான்று கிடையாது என்று வெளிநாட்டுச் செவிலியப் பட்டதாரிகளுக்கான ஆணையம் அறிவித்தது. கசிவில் தொடர்பில்லாதவர்களும் மீண்டும் தேர்வுக்கூடத்துக்குப் போக நேர்ந்தது.

2023: புதிய தலைமுறைத் தேர்வு

நான்கு தெரிவுகளுள் ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், தெரிவுகளே இல்லாத வார்டில் சரியாக முடிவெடுப்பாரா என்ற ஐயம் 2010களில் வலுத்தது. செவிலியர் சிந்திக்கும் முறை குறித்து கிறிஸ்டின் டானர் 2006இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இவ்விவாதத்தில் அதிகம் எடுத்தாளப்பட்டது. பல ஆண்டு ஆய்வுக்குப் பின் 2023 ஏப்ரல் 1 முதல் 'புதிய தலைமுறை என்கிளெக்ஸ்' நடைமுறைக்கு வந்தது.

இதில் ஒவ்வொருவருக்கும் 3 நோயாளிகளின் முழு விவரங்கள் தரப்படுகின்றன. செவிலியர் குறிப்பு, உயிர்நிலை அளவுகள், ஆய்வக முடிவுகள் என எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொரு நோயாளியையும் ஒட்டி 6 வினாக்கள்: கவனிக்க வேண்டிய குறிகள் எவை, அவை எதைக் காட்டுகின்றன, எது அவசரம், என்னென்ன செய்யலாம், எதைச் செய்ய வேண்டும், செய்தது பயன் தந்ததா. மேலே சொன்ன முதியவர் இத்தேர்வில் வந்தால், மஞ்சள் வளையம் பற்றிய வரி பத்து வரிகளுக்கு நடுவே கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பதே முதல் வினா. பகுதி மதிப்பெண் முறையும் அறிமுகமானது. மொத்த வினாக்கள் 85 முதல் 150 வரை. நேரம் 5 மணி.

அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஒரு பெரிய மோசடி வழக்கை வெளியிட்டது. தெற்கு ஃப்ளாரிடாவின் மூன்று செவிலியப் பள்ளிகள் வழியாக 7,600க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. அவற்றை வாங்கியோருள் ஏறத்தாழ 2,400 பேர் என்கிளெக்ஸில் தேர்ச்சியும் பெற்றிருந்தனர். அவர்களுள் சிலர் முன்பே நடைமுறைச் செவிலியராகப் பணியாற்றியவர்கள் என்றாலும், சான்றிதழ் கூறிய மருத்துவமனைப் பயிற்சி அவர்களுக்கு இல்லை. உரிமத் தேர்வு தன் கடமையைத்தான் செய்தது. ஆனால் அது படிப்புக்கும் வார்டுப் பயிற்சிக்கும் பின் வரும் இறுதிச் சோதனையாகவே வடிவமைக்கப்பட்டது. அவற்றுக்கு மாற்றாக அது நிற்க முடியாது என்பதை இவ்வழக்கு காட்டியது. அந்த விசாரணைக்கு இடப்பட்டிருந்த பெயர் 'நைட்டிங்கேல் நடவடிக்கை'.