நின்ற இடத்திலேயே ஓடியவர்

உடற்பயிற்சி மனவுளைச்சலைத் தணிக்கும் என்பது இன்று மருத்துவர் எவரும் கூறும் அறிவுரை. உளைச்சலின் காரணத்தை விட்டு விலகவே வழியில்லாத ஓரிடத்தில் அதனைக் கடைப்பிடித்த ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது.

1964 ஜூன் 12 அன்று ரிவோனியா வழக்கில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ராபன் தீவுச் சிறையில் அவருடைய அறையின் நீளம் மூன்று எட்டுகளில் முடிந்துவிடும். தொடக்க ஆண்டுகளில் ஆறு மாதத்திற்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு மட்டுமே. அவ்வறைக்குள் அவர் ஓடினார். திங்கள் முதல் வியாழன் வரை, காலைதோறும், நின்ற இடத்திலேயே 45 நிமிடம் வரை ஓட்டம். அதன்பின் தண்டால் 100, படுத்தெழும் பயிற்சி 200, பஸ்கி 50.

இவ்வொழுங்கு சிறையில் பிறந்ததன்று. 1950களில், வழக்கறிஞர் பணிக்கும் அரசின் தடையாணைகளுக்கும் இடையே, ஒர்லாண்டோவின் சமுதாயக் கூடமொன்றில் அவர் குத்துச்சண்டை பழகினார். அதன் வன்முறையை அவர் விரும்பவில்லை, நுட்பத்தையே விரும்பினார். தோழர் மீதோ காவலர் மீதோ பாய்ந்திருக்கக்கூடிய சினம் குத்துமூட்டையின் மீது இறங்கியதென 1994இல் வெளிவந்த தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

அக்கூடத்திற்கு மூத்த மகன் தெம்பியையும் அவர் அழைத்துச் செல்வதுண்டு. 1969 ஜூலையில் தெம்பி வாகன விபத்தில் மாண்டார். அடக்கத்திற்குச் செல்ல அனுமதி கிட்டவில்லை. முந்தைய ஆண்டு தாய் இறந்தபோதும் அதே மறுப்புத்தான். செய்தி அறிந்த வால்டர் சிசுலு அறைக்கு வந்து, ஏதும் பேசாமல் அவர் கையைப் பற்றிக்கொண்டிருந்தார். அத்துயரை எந்தத் தண்டாலும் தீர்த்திராது. அன்று தேவைப்பட்டது அந்தக் கைதான்.

ஆயின் பயிற்சி செய்தது யாது? எழும் நேரம், உண்ணும் உணவு, உடுக்கும் உடை யாவற்றையும் சிறையே வகுத்தது. அந்த 45 நிமிடத்தை மட்டும் அவர் தாமே வகுத்துக்கொண்டார். மனத்தை நேராக அடக்குதல் அரிது. கால்களுக்குக் கட்டளையிடுதல் இயலும். கால்கள் பணிந்தால், மனம் சற்றுப் பின்னால் வந்துசேரும்.

1982இல் போல்ஸ்மூர் சிறையின் பொது அறைக்கு மாற்றப்பட்ட பின்னும் விடியலில் அவர் ஓடினார். உறக்கம் கலைந்த தோழர்கள் முணுமுணுத்தனர். 1990 பிப்ரவரி 11 அன்று, தம் 71ஆம் வயதில், சிறைவாயிலைக் கடந்து அவர் நடந்தே வெளிவந்தார்.