பகீராவின் சைவச் சாப்பாடு

1896. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜார்ஜ் பெக்கமும் அவர் மனைவி எலிசபெத்தும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கச் சிலந்திகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜுக்குச் சம்பளம் தந்தது நகரப் பள்ளிகளை மேற்பார்க்கும் வேலை. சிலந்தி இருவருக்கும் பித்து. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் தம்பதி சொக்கிப்போயிருந்தது அவர்கள் வைத்த பெயர்களிலேயே தெரிகிறது: ஒரு பேரினம் அகேலா, இன்னொன்று மெசுவா, மற்றொன்று நாகைனா. ஒரு தாவும் சிலந்திக்கு மட்டும் கதையின் கருஞ்சிறுத்தையையும் கதாசிரியரையும் சேர்த்தே சூட்டிவிட்டார்கள். பகீரா கிப்ளிங்கி.

முன்னது பேரினம், பின்னது சிற்றினம். கடைசியில் ஒட்டியிருக்கும் 'இ' லத்தீன் வேற்றுமை உருபு. 'கிப்ளிங்கினுடைய' என்று பொருள். தம்பதி 'அட்டிடே' என்று எழுதிய குடும்பத்துக்கு இன்று வழங்கும் பெயர் சால்டிசிடே. வலை கட்டிக் காத்திருக்காமல், பெரிய முன்கண்களால் குறிபார்த்துப் பாய்ந்து பிடிக்கும் கூட்டம் அது. சிறுத்தைப் பெயர் பொருத்தம்தானே?

ஆனால் பெக்கம் தம்பதி விவரித்தது ஆணின் உடலை மட்டுமே. பெண் சிலந்தியை வேய்ன் மேடிசன் விவரிக்க நூறாண்டு ஆயிற்று. அது என்ன தின்கிறது என்பது அதற்கும் பிறகுதான் வெளியே வந்தது.

இச்சிலந்தி குடியிருப்பது எருதுக்கொம்பு போல முள் பருத்த ஒரு வேல மரத்தில்; நம்மூர்க் கருவேலத்தின் பேரினமேதான். முள்ளுக்குள் எறும்புகள் குடியிருந்து மரத்தைக் காக்கும். கூலியாக மரம் தன் சிற்றிலை நுனிகளில் புரதமும் கொழுப்பும் நிறைந்த சிறு உருண்டைகளைக் காய்க்கிறது. 1874இல் நிகராகுவா பற்றிய நூலில் இந்த ஏற்பாட்டை எழுதிய தாமஸ் பெல்ட்டின் பெயரால் அவை 'பெல்ட் உருண்டைகள்' ஆயின.

அந்தக் கூலியைத்தான் பகீரா களவாடுகிறது. எறும்பு நடமாட்டம் குறைந்த முதிர்ந்த இலை நுனியில் கூடு கட்டும். காவல் எறும்பு நெருங்கினால் தாவிவிடும், இல்லையேல் நூலில் தொங்கிவிடும். வழி விட்டதும் ஓடிப்போய் உருண்டையைக் கிள்ளிக்கொண்டு திரும்பும். கிறிஸ்டோபர் மீஹன் குழுவினர் 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, மெக்சிகோவில் இதன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த மரம் தருவதுதான். கோஸ்டா ரிக்காவில் அவ்வளவு இல்லை. அவ்வப்போது எறும்புப் புழுவும் வாயில் போகும். அசல் சைவம் என்று சான்றிதழ் தர முடியாது.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். இந்தச் சிறுத்தை தின்கிறது. ஆனாலும் முறைப்படி முதலில் சூட்டிய பெயர், குணத்துக்கு ஒவ்வவில்லை என்பதற்காக விலங்கியல் விதிப்படி மாறாது. கதையில் மோக்லியைக் காப்பாற்ற ஓர் எருதைக் கொன்று விலையாகக் கொடுத்தவனின் பெயரோடுதான் இது இன்னும் எருதுக்கொம்பு மரத்தில் இலை நுனி பொறுக்கிக்கொண்டிருக்கிறது.