ஒரே கணினியில் கம்பிவழி, கம்பியில்லா இணைப்புகள்

ஒரு கணினி ஈதர்நெட் கேபிள் வழியாகவும் வைஃபை வழியாகவும் ஒரே நேரத்தில் இரு வலையமைப்புகளில் இணைந்திருக்க முடியும். விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும் இதற்கு இடமுண்டு. இரண்டையும் இணைத்தால் இணைய வேகம் இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகின்றனர், அது சரியன்று. வேலையை இரண்டு வழிகளுக்கும் பிரித்துக் கொடுப்பதும், ஒன்று அறுந்தால் மற்றது கைகொடுப்பதுமே இதன் உண்மையான பயன்.

செயல்படும் விதம்

ஈதர்நெட், வைஃபை அடாப்டர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி மேக் முகவரியும் தனி ஐபி முகவரியும் உண்டு. வெளியே செல்லும் தரவு எந்த அடாப்டர் வழியே போக வேண்டும் என்பதை இயங்குதளத்தின் ரூட்டிங் அட்டவணை தீர்மானிக்கிறது. சேருமிட முகவரியோடு மிக நெருங்கிப் பொருந்தும் வழிக்கே முதலிடம். பொருத்தம் சமமாக இருந்தால், ‘மெட்ரிக்’ எண் குறைவாக உள்ள வழி தேர்வாகும்.

இணையத்துக்கான பொதுவழி அட்டவணையில் 0.0.0.0 என்று இருக்கும். இரண்டு இணைப்பிலும் பொதுவழி இருந்தால் வழக்கமாகக் கேபிளே முந்தும். லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600 என மெட்ரிக் தருகிறது. விண்டோஸ் இணைப்பின் வேகத்தைப் பார்த்துத் தானே எண் வழங்கும். மேக்ஓஎஸ்ஸில் இணைப்புகளின் வரிசையைப் பயனரே மாற்றி அமைக்கலாம்.

டிசிபி தொடர்பு ஒவ்வொன்றும் இரு முனைகளின் ஐபி முகவரிகளோடு பிணைந்தது. எனவே கேபிளில் தொடங்கிய பதிவிறக்கம் பாதியில் வைஃபைக்குத் தாவாது. இரண்டிலும் பிரிந்தும் ஓடாது. இந்தத் தடையை நீக்க உருவானதே மல்டிபாத் டிசிபி. 2013இல் ஐஓஎஸ் 7 வெளியானபோது ஆப்பிள் இதைச் சிரி சேவைக்குப் பயன்படுத்தியது. 2020இல் லினக்ஸ் கெர்னல் 5.6இல் இடம்பெற்றது. ஆனால் எதிர்முனைச் சர்வரும் இதை ஏற்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

அலுவலகக் கேபிளில் கணினியின் முகவரி 10.20.5.14, கேட்வே (வெளியே செல்லும் வாயில்) 10.20.5.1 எனக் கொள்வோம். உள் சர்வர் 10.20.9.8இல் உள்ளது, கேபிளில் இணையம் இல்லை. இணையத்துக்காகக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் வைஃபை இணைக்கப்படுகிறது. வைஃபை சிக்னல் முழுமையாக இருந்தும் இணையப் பக்கம் திறக்காமல் போகலாம். கேபிளின் மெட்ரிக் குறைவு என்பதால் இணையத் தரவும் அந்தப் பக்கமே போய் நின்றுவிடுவதே காரணம்.

தீர்வு இரண்டு படிகளில் முடியும். முதலில், கேபிள் அமைப்பில் ஐபி முகவரியைக் கையால் நிரப்பிக் கேட்வே கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அடுத்து, 10 எனத் தொடங்கும் முகவரி வரம்பு முழுவதும் 10.20.5.1 வழியே செல்லுமாறு நிலையான வழி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதன்பின் உள் சர்வருக்குக் கேபிள், மற்ற அனைத்துக்கும் வைஃபை என வேலை பிரியும். விண்டோஸில் ‘ரூட் பிரிண்ட்’ கட்டளை கொடுத்து இதைச் சரிபார்க்கலாம்.

வழக்கமான சிக்கல்கள்

இரு ரூட்டர்களும் 192.168.1 என்ற ஒரே முகவரி வரம்பை வழங்கினால், எந்தக் கருவி எந்தப் பக்கம் உள்ளது என்று கணினிக்குத் தெரியாது. ஒன்றின் வரம்பை மாற்றியாக வேண்டும். இரண்டு இணைப்பும் ஒரே ரூட்டருக்குச் சென்றால் இணைய வேகத்தில் ஆதாயம் இல்லை. வெளியே போகும் லைன் ஒன்றுதானே. சில நிறுவனக் கணினிகளில், கேபிளைச் செருகியதும் வைஃபை தானாகத் துண்டிக்கப்படும்படி விதி அமைத்திருப்பார்கள்.

பாதுகாப்பு

உள் வலையமைப்பையும் வெளி வைஃபையையும் ஒருசேரத் தொடும் கணினி, நிறுவனத்தின் ஃபயர்வாலைச் சுற்றிச் செல்லும் வழியாக மாறக்கூடும். இணையப் பகிர்வையோ பிரிட்ஜ் வசதியையோ இயக்கினால் இரு வலையமைப்புகளுக்கும் நேரடிப் பாதையே திறந்துவிடும். அவை அணைந்திருந்தாலும், அக்கணினியில் புகும் தீநிரல் இரு பக்கமும் எட்டிவிடும். ஆகவே அலுவலகக் கணினியில் வலையமைப்பு நிர்வாகியின் அனுமதியின்றி இவ்வாறு இணைக்கக் கூடாது.