சாதாவா, பிரீமியமா? பெட்ரோல் பங்க்கில் ஒரு நூறு வருடக் கதை

போன கூட்டம் முடிந்து பார்க்கிங்கில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "சார், பைக்குக்கு சாதா பெட்ரோல் போடறதா, பிரீமியம் போடறதா?" அங்கே நின்ற ஆறு பேரும் ஆறு பதில் சொன்னோம். தினமும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பைக்கில் போய் வருகிறவர்கள் நம்மில் பலர் இருப்பதால், இதை எழுதியே விடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதல்ல. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்படும்போது, பிளக் பொறி விட்ட பிறகு அது சீராக எரிய வேண்டும். அழுத்தமும் சூடும் தாங்காமல் ஒரு பகுதி தானாகவே வெடித்தால் எஞ்சினில் 'கடகட'வென்று சத்தம் வரும். டாப் கியரில் மேம்பாலம் ஏறும்போது நீங்களே கேட்டிருப்பீர்கள். அதன் பெயர் நாக்கிங். அதை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன்.

இந்த நாக்கிங்குக்கு 1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி ஒரு மருந்து கண்டுபிடித்தார். டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயம். 1923-இல் பங்க்குக்கு வந்தபோது அதற்கு 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல்லையே காணோம்! மறு வருடமே நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் ஐந்து தொழிலாளர்கள் நச்சேறி இறந்தார்கள். அப்படியும் உலகம் முழுக்க விற்றார்கள். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் அந்த ஈயப் புகையை நம் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் பல வருடங்கள் சுவாசித்தோம். 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரி 1-இல்தான். 'உயர்ந்த தரம்' என்று ஒரு பொருள் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்தக் கதையைப் படித்த பிறகு வந்ததுதான்.

நம் ஊர் வண்டிகளுக்கு வருவோம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் தயாரிப்பு தொடங்கியபோது அந்த எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவு. சுமாரான பெட்ரோலிலேயே ஓடும். ஒரு காலத்தில் 87, 93 என்று இரண்டு தரங்கள் உண்டு. டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கு ஆக்டேனை விட 2டி ஆயில் அளவுதான் கவலை. 2002 வாக்கில் ஸ்பீடு, பவர், எக்ஸ்ட்ரா பிரீமியம் என்று பெயர் வைத்த பெட்ரோல்கள் வந்தன. அவற்றின் விசேஷம் முக்கியமாக எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்கள். 100 ஆக்டேன் பின்னால் வந்தது: 2020 டிசம்பரில் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100, அப்போது விலை லிட்டர் சுமார் 160 ரூபாய்!

இதற்கிடையே சாதா பெட்ரோலும் சும்மா இருக்கவில்லை. 88 ஆக்டேனாக இருந்தது 91 ஆனது. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்தபின் 95 என்கிறது பெட்ரோலியத் துறை. நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளுக்கு இது தாராளம். அழுத்த விகிதம் அதிகமுள்ள ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் கையேட்டைப் பாருங்கள். 95-க்கு மேல் கேட்டால் போட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காத வண்டியில் ஊற்றினால் வேகமும் கூடாது, மைலேஜும் கூடாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். போக வர 80 கி.மீ., மாதம் 25 நாள், லிட்டருக்கு 50 கி.மீ. என்றால் 40 லிட்டர். பிரீமியத்துக்கு லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வைத்தால் மாதம் 280, வருடத்துக்கு 3,360 ரூபாய்.

இன்னொரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் ஒப்படைத்துவிட்டுப் போன புதுச்சேரி இன்று தனி யூனியன் பிரதேசம். வரி வேறு, பெட்ரோல் விலையும் சில ரூபாய் குறைவு. அதற்காக விழுப்புரத்திலிருந்து மதகடிப்பட்டு வரை போய் டேங்க் நிரப்புகிறவர்கள் உண்டு. அங்கே போய் பிரீமியம் போட்டால் மிச்சம் பிடித்தது அங்கேயே போயிற்று! வேறு வேலையாகப் போகும்போது நிரப்பினால் சரி, பெட்ரோலுக்காகவே 40 கி.மீ. போய் வருவது எனக்குக் கட்டவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எத்தனாலில் பெட்ரோலை விட எரிசக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய ரப்பர் ட்யூப், வாஷர்களும் கெடலாம். பிரீமியம் என்று எழுதியிருந்தால் எத்தனால் இல்லை என்று அர்த்தமல்ல. எனவே அந்த 280 ரூபாயை மெக்கானிக்கிடம் கொடுத்து, அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ட்யூபைப் பார்க்கச் சொல்லுங்கள்.