காடு: ஒரு பழைய பயப் படம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியும் கூட்டாகத் தயாரித்து 1952இல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’ தமிழில் ‘காடு’ ஆயிற்று. டைரக்டர் வில்லியம் பெர்க். ராட் காமரான், சீஸர் ரொமேரோ, மேரி விண்ட்ஸர் ஆகியோருடன் நம் நம்பியாரும் உண்டு. சினிமா சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை டி.ஆர். சுந்தரத்தின் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்லி, அத்துடன் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இப்படம் வேறு காரணத்தால் முக்கியமாகப் படுகிறது.

கதை எளியது. யானைக் கூட்டங்கள் மிரண்டு கிராமங்களை அழிக்கின்றன. காரணம் தேடி ஓர் இளவரசியின் குழு காட்டுக்குள் போகிறது. முன்பு போன குழுவிலிருந்து உயிரோடு திரும்பிய வெள்ளைக்கார வேட்டைக்காரன், யானைகளை விரட்டுவது ஆதிகாலத்து மாமூத் என்கிறான். யாரும் நம்புவதில்லை. கடைசியில் மாமூத்துகள் வரத்தான் வருகின்றன. எல்லாம் நம்மூர் யானைகள், மேலே மயிர்ப் போர்வை.

ஆம்பூர்க்காரனான எனக்கு இந்தப் போர்வை சிரிப்பை மட்டும் தருவதில்லை. எங்கள் தொழில் சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டு மயிரைக் களைவது. சேலத்தில் நடந்தது தலைகீழ் வேலை. ஆனால் வியாபார முறை ஒன்றுதான். ஆவாரம்பட்டையில் பாதி பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறும். பளபளப்பும் விலையும் அங்கே ஏறும். இதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது 1973இல்தான். ‘காடு’ படத்துக்கும் நாம் கொடுத்தது மரமும் யானையும் உழைப்பும். எதைக் கண்டு பயப்படுவது என்பதை மட்டும் ஹாலிவுட் முடிவு செய்தது.

தலைப்பே இதைக் காட்டிக்கொடுக்கிறது. சேலத்து விவசாயி “காட்டுக்குப் போறேன்” என்றால், சோளமோ கடலையோ போட்ட மானாவாரி நிலத்துக்குப் போகிறான் என்று அர்த்தம். எங்கள் பக்கம் அதையே கொல்லை என்போம். காடு அவனுக்குச் சோறு. அதில் பயம் கிடையாது. ஜங்கிளின் பீதியை அந்தச் சொல்லின் மேல் போர்த்தியதும் யானைக்கு மயிர் போர்த்திய காரியம்தான்.

நிஜமான பயம் பாலாற்றங்கரையில் வந்தது. டேனரிக் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாகக் கணக்கு பதிவாயிற்று. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்ன மனிதர்களும் அந்த வேட்டைக்காரனைப் போல வெகுகாலம் நம்பப்படாதவர்களே.

பயப் படத்தில் ஓர் ஆறுதல் உண்டு. மிருகம் கண்முன் வந்துவிட்டால் அவநம்பிக்கை தீரும், கதையும் முடியும். இங்கே கோர்ட் நம்பியது, கணக்கும் இருந்தது. இருந்தும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தெரியாத பூமியில் அகப்பட்டுக்கொண்ட பயணிகள் என்று நான் சொன்னால் இவர்களைத்தான் சொல்வேன். இவர்களைப் பற்றிய படத்துக்கு மாமூத் தேவைப்படாது. அதை எடுக்க நம்மிடம் இன்னும் ஆளில்லை.